தேவையில்லாததை அடித்துவிடவும்

இந்த வாரம் நான் எழுதப்போவதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. திருக்கழுக்குன்றத்து மலைமேல் உச்சிவேளைக்கு வந்து பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போகும் இரண்டு கழுகுகள் மேல் ஆணை. அந்தக் கழுகுகள் வருவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறதே என்று சிலர் கிளம்பி வருவார்கள். சாட்சி ஊரில் இல்லை என்பதற்காகச் சத்தியம் செல்லாமல் போய்விடாது.

போன வாரத்தை விட்டவர்களுக்காக இரண்டு வரி.

ராஜேந்திரன் என் பக்கத்து வீட்டுக்காரன். மாமல்லபுரம் கடற்கரையில் நீலக்கரை ரிசார்ட்டில் தோட்ட சூப்பர்வைசர். நூற்று நாற்பது தென்னை அவன் பொறுப்பு. அவனும் தென்னைகளும் ஒன்றாக நின்றால் தென்னைகள்தான் அதிகம் பேசும். மனைவி வரலட்சுமி. ஒரே மகள் சிநேகா, அதே ரிசார்ட்டின் எச்.ஆர். ஆபீசில் வேலை. வரலட்சுமிக்குப் பித்தப்பையில் கல் என்று தெரிந்து, செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். காலை எட்டு மணிக்குக் கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீட்டு அட்டையை நீட்டினார்கள்; துணைக்கு நானும் போயிருந்தேன். கவுன்டரில் இருந்தவர் அதைப் பார்த்து, "ராஜேந்திரனோட சம்சாரம் அன்பரசி, வாங்கோ" என்று கூப்பிட்டார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. அங்கேதான் போன வாரம் நிறுத்தினேன். அன்பரசி யார் என்று சொல்லாவிட்டால் பத்திரிகையை நிறுத்திவிடுவேன் என்று ஒரு வாசகர் மிரட்டுகிறார். அவர் சலூனில் படிக்கிறவர்.

யாரும் எழாததால் கவுன்டர்காரர் மறுபடி கூப்பிட்டார், இந்தத் தடவை வயதையும் சேர்த்து. அன்பரசி, இனிஷியல் ஆர், வயது முப்பத்தெட்டு. வரலட்சுமிக்கு நாற்பத்தாறு. எட்டு வயது குறைத்துக் கூப்பிட்டதற்காக ஒரு பெண் அவ்வளவு கோபப்பட்டு நான் அன்றுதான் பார்த்தேன்.

கவுன்டர்காரர் பெயர் பட்டாபி. எங்கள் ஊர்க்காரர்தான், சன்னதித் தெரு. காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் படிப்பார். ஒட்டிய உறைக்குள் இருக்கும் கடிதத்தில் ஒற்றுப்பிழை இருப்பதாக ஒருமுறை சொன்னார். பிரித்துப் பார்த்தோம், இருந்தது.

அவர் சொன்ன கணக்கு இது. அட்டையில் யார் பெயரோ அவருக்குத்தான் அனுமதி வரும். மூன்று மணிக்குள் கம்பெனியிலிருந்து திருத்தம் வந்தால் இன்றைக்கே ஆபரேஷன். தவறினால், நாளை முதல் டாக்டர் பதினைந்து நாள் லீவு. டாக்டரோ காலையில் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, ஒரு கல் நகர்ந்து குழாய் வாயில் வந்து உட்கார்ந்திருக்கிறது, இனிமேல் தள்ளிப்போட்டால் உயிருக்கே வம்பு என்று சொல்லியிருந்தார். மாமல்லபுரத்துச் சிற்பி யாராவது கிடைத்தால் உள்ளேயே வைத்து ஒரு யானை செதுக்கலாம், அவ்வளவு பெரிய கல் என்றும் சொன்னார். அவர் சொல்லவில்லை என்றால் நான் சொன்னேன்.

பட்டாபி இரக்கமுள்ளவர். குரலைத் தாழ்த்தி ஒரு யோசனை சொன்னார்.

"அம்மா, அன்பரசின்னே கையெழுத்துப் போட்டுட்டு உள்ள போங்கோ. வரலட்சுமியா வெளியில வந்துடுங்கோ. கல்லுக்குப் பேர் தெரியாது."

வரலட்சுமி, கவுன்டருக்கு எதிரே இருந்த கட்டிலில் கொடுத்திருந்த பச்சை அங்கியை மடித்துத் தலையணை மேல் வைத்தாள். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"அவ பேர்ல என் வயித்துல கத்தி வெக்க வேணாம் சாமி. அவ யார்னு தெரியாம நான் படுக்க மாட்டேன்."

ஆக, மூன்று மணிக்குள் இரண்டு காரியம் நடக்க வேண்டும். அட்டை திருந்த வேண்டும். வரலட்சுமி படுக்க வேண்டும். முதல் காரியம் கணினி வேலை. இரண்டாவதுதான் கஷ்டம்.

ராஜேந்திரன் ஜன்னலோரம் நின்று கீழே இருந்த வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது வாடியிருக்கிறதா என்று பார்த்தானோ என்னவோ. ஒன்று மட்டும் நான் கவனித்தேன். கவுன்டரில் அந்தப் பெயரைக் கேட்டதிலிருந்து எல்லாரும் ஆளுக்கு ஒரு தடவையாவது 'அன்பரசி யார்?' என்று கேட்டுவிட்டோம். பக்கத்துக் கட்டில் நோயாளிகூடக் கேட்டுவிட்டார். கேட்காதவன் ராஜேந்திரன் மட்டும்தான்.

"யோவ், அவளுக்கு இனிஷியல் ஆர்னு போட்டுகீது" என்றாள் வரலட்சுமி. "அந்த ஆர் அவ அப்பனா, புருஷனா?"

கேள்வி நியாயமானது. நம் பக்கத்தில் பெண்ணுக்குக் கல்யாணம்வரை அப்பா பெயரின் முதல் எழுத்து, அதற்குப் பிறகு கணவன் பெயரின் முதல் எழுத்து. அந்த ஒற்றை எழுத்தை வைத்து, நிற்பது அப்பனா கட்டியவனா என்று ஹைகோர்ட்டாலும் சொல்ல முடியாது.

"எனக்கு இன்னா தெரியும்" என்றான் ராஜேந்திரன்.

வரலட்சுமி அடுத்ததற்குப் போனாள். அவள் மனதில் இது வெகுநாளாக வரிசையில் நின்றிருக்க வேண்டும்.

"இருவத்தஞ்சு வருசமா உன் டிபன் டப்பா சோத்துப் பருக்கையோட வரும். இந்த சித்திரை மாசத்துலேர்ந்து கழுவி, தொடச்சி, மூடி இறுக்கி வருது. யார்யா கழுவுறது?"

"தண்ணி கீது. கழுவுறேன்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "மாமா, இவரு தின்ன தட்ட எடுத்து வெச்சி நீங்க எப்பனா பாத்துகீறீங்களா?"

பார்த்ததில்லை. சத்தியம் செய்துவிட்ட வாரமாகப் போனதால் அதையே சொன்னேன். ராஜேந்திரன் மறுபடி வேப்பமரத்துக்குத் திரும்பிவிட்டான்.

சிநேகா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். இது யாருடைய குற்றமும் இல்லை, கணினியில் நடந்த கோளாறு, தானே போய்ச் சரிசெய்து கொண்டுவருகிறேன் என்றாள். அம்மாவிடம் சொன்னாள் என்றாலும் அப்பாவைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது.

ரிசார்ட் முதலாளி இந்த வருடம் பொத்தேரியில், காலேஜ் பிள்ளைகளை நம்பி ஒரு ஓட்டல் திறந்தார். அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும் காப்பீடு, விடுப்பு, படி என்று எல்லாச் சலுகைகளையும் கணினியில் அமைக்க வேண்டும். எத்தனை மாதம் வேலை செய்தால் சலுகை தொடங்கும், மனைவிக்கு உண்டா, பிள்ளைக்கு எந்த வயதுவரை, பெற்றோரைச் சேர்க்கலாமா என்று ஒரு திட்டத்துக்கே அறுபது கட்டம் நிரப்ப வேண்டுமாம். சிநேகாவின் மேலாளர் பரணிதரன் சுருக்குவழி சொன்னார். உட்கார்ந்து அடித்துக்கொண்டிருக்க வேண்டாம். மாமல்லபுரத்துத் திட்டத்தை அப்படியே காப்பி பண்ணு, பொத்தேரி என்று பேரை மாற்று, அதே கையோடு மாமல்லபுரத்துக்கும் போன வருடத் திட்டத்தை இந்த வருடத்துக்குக் காப்பி பண்ணிவிடு. ஒரே பொத்தான். ஜூன் பன்னிரண்டாம் தேதி அவள் அதை அழுத்தினாள்.

அறுபது கட்டமும் சிந்தாமல் சிதறாமல் போய்ச் சேர்ந்தன. சிந்தியிருந்தால் தேவலை. மாமல்லபுரத்தில் கடலில் இறங்கி ஆட்களைக் காப்பாற்றுகிறவர்களுக்கு அலைப்படி என்று ஒரு சலுகை உண்டு. அது கிடைக்க வருடம் ஒரு நீச்சல் தேர்வு. அந்த விதியும் பொத்தேரிக்குப் போய்விட்டது. பொத்தேரியில் அலை என்றால் ஜி.எஸ்.டி. ரோட்டில் காலை ஒன்பது மணிக்கு வரும் வண்டிகள்தான். ஓட்டலின் பன்னிரண்டு சமையல்காரர்களுக்கும் நீச்சல் தேர்வுக்கு வரும்படி கணினியே கடிதம் அனுப்பியது. சாம்பார் மாஸ்டர் கிச்சா பயந்துபோய் மூன்று வாரம் ஏரியில் பழகித் தேர்வில் முதலாவதாக வந்தார். இன்றைக்கு அவர் சாம்பாரைவிட நீச்சல்தான் நன்றாக இருக்கிறது.

கடலே காப்பியில் பொத்தேரிக்குப் போகும்போது ஓர் அன்பரசி அப்பா பெயருக்குப் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ள மாட்டாளா? சிநேகாவின் நம்பிக்கை அதுதான்.

பத்து மணி பஸ்ஸில் ஏறினாள். அந்த பஸ் ஏற்றிய ஆட்களைவிட இறக்கிய ஆட்கள் எப்போதும் அதிகம்; எப்படி என்று கண்டக்டருக்கே தெரியாது. திருக்கழுக்குன்றத்தில் அரை மணி நேரம் நின்றுவிட்டுப் பதினொன்றேகாலுக்கு மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தது. இனி ஆபீசில் நடந்ததைச் சொல்கிறேன். நான் ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன் என்றாலும் சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து சிநேகா எனக்குச் சொன்னதில் கமா, புள்ளிகூட மாற்றவில்லை.

சவுக்குத் தோப்புக்குப் பின்னால் ஒரு நீளக் கட்டடம். அதில் ஜன்னலோரம் சிநேகாவின் மேசை. மேசைமேல் ஒரு தொட்டியில் குரோட்டன்ஸ். ஜூன் மாதம், காப்பி நடந்த அதே வாரம், ஆபீஸ் தொட்டிகளுக்கெல்லாம் ராஜேந்திரன்தான் மண் மாற்றிக் கொடுத்தான். கீபோர்டின் சந்துகளில் கொஞ்சம் செம்மண் இன்னும் இருந்தது. சிநேகா அதைப் பார்த்தாள். ஊதிவிட்டு உட்கார்ந்தாள்.

அப்பாவின் பக்கத்தைத் திறந்தாள். ராஜேந்திரன், தோட்டம். மனைவி: அன்பரசி ஆர். பதிந்தது யார், எப்போது என்று கீழே ஒரு வரி இருந்தது. பதிந்தவர்: சிநேகா ஆர். தேதி: ஜூன் 12.

காப்பி பண்ணிய அதே நாள். அவளுடைய பெயர். அவளுக்கு மூச்சு வந்தது. அப்படியானால் காப்பிதான். தன் கையால் அந்தப் பெயரை அடிக்கவில்லை என்று அவளுக்கு நிச்சயம்.

இருந்தாலும் எச்.ஆர். பெண் அல்லவா, ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு விடலாம் என்று அந்த மென்பொருளை விற்ற கம்பெனியில் உதவிக்கு இருக்கும் ஹேமந்த்துக்கு போன் போட்டாள். திட்டத்தைக் காப்பி பண்ணும்போது ஒருத்தருடைய பெயர் இன்னொருத்தர் கணக்கில் போய் உட்காருமா என்று கேட்டாள். அவன் மீட்டிங்கில் இருந்தான். பார்த்துவிட்டு மெசேஜ் அனுப்புகிறேன் என்றான்.

காத்திருக்க நேரம் இல்லை. ரிசார்ட்டில் வேலை செய்கிறவர்களில் அன்பரசி என்று யாராவது இருக்கிறார்களா என்று தேடினாள். ஒரே ஒருத்தி. அன்பரசி ஆர்., முப்பத்தெட்டு, சலவைப் பிரிவு, ஊர் படாளம். வேலைக்குச் சேர்ந்தது சித்திரை மாதம்.

அலமாரியிலிருந்து அவளுடைய கோப்பை எடுத்தாள். வேலையில் சேரும்போது நிரப்பிக் கொடுத்த படிவம், நீல மையில். அதில் ஒரு கட்டம்:

தந்தை / கணவர் பெயர்: ராஜேந்திரன்.

அதன் கீழே பொடி எழுத்தில், தேவையில்லாததை அடித்துவிடவும் என்று அச்சடித்திருந்தது. அன்பரசி எதையும் அடிக்கவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. ரேஷன் கார்டிலிருந்து காஸ் இணைப்புவரை எத்தனை படிவம் நிரப்பியிருப்போம், நம்மில் யாராவது ஒருநாள் அடித்திருக்கிறோமா?

சிநேகா சலவைக் கூடத்துக்கு நடந்தாள். அங்கே சின்னப்பொண்ணு என்று ஒருத்தி படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். அன்பரசி இல்லை.

"அன்பரசி அக்கா இன்னைக்கி லீவு மா. வூட்ல யாருக்கோ ஆபரேசனாம், செங்கல்பட்டுல."

சிநேகா ஒரு விரிப்பின் நுனியைப் பிடித்து மடிக்க உதவினாள். அவருடைய வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"அத்த நான் கேட்டதில்ல. காலீல வருது, வேலைய பாக்குது, மத்தியானம் டப்பா கெடந்தா கழுவி வெக்குது, பூடுது. நல்ல மனசு."

"யாரு டப்பா கெடந்தாலுமா?"

சின்னப்பொண்ணு மடிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

"என்னுது கழுவுனதில்ல."

அங்கிருந்து ஆபீசுக்கு இருநூறு அடி தூரம். வழியில் ராஜேந்திரனின் ஆட்கள் மூன்று பேர் அவளிடம் அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். ஒருவன் கேட்கும்போது மற்ற இருவரும் வேறு பக்கம் பார்த்ததாக அவளுக்குத் தோன்றியது. சந்தேகம் வந்தால் அப்படித்தான். தென்னைகூட வேறு பக்கம் பார்க்கும்.

திருத்தம் போக வேண்டுமானால் பரணிதரன் ஒப்புதல் தர வேண்டும். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். பதிந்தது சிநேகா; இருப்பது சிநேகாவின் அப்பா கணக்கு; திருத்தக் கேட்பதும் சிநேகா. இது எனக்குச் சரியாகப் படவில்லையே அம்மா என்றார். இந்த அன்பரசியைக் கூப்பிட்டு விசாரிக்காமல் எப்படி என்றார். விசாரித்தால் இன்றைக்கு முடியாது. மணி ஒன்று.

சிநேகா ஒரு வெள்ளைத் தாளை இழுத்து எழுதினாள். திட்டத்தைக் காப்பி செய்தபோது நேர்ந்த பிழை. சலவைப் பிரிவு அன்பரசியின் தந்தை பெயரும் ராஜேந்திரன் என்பதால் பெயர் மாறிப் பதிவாகியுள்ளது. தவறு முழுவதும் என்னுடையது. கீழே கையெழுத்து, சிநேகா ஆர்.

நாளைக்கு இதற்கு ஒரு மெமோ வரும், தெரியும்தானே என்று கேட்டார் பரணிதரன். தெரியும் என்றாள். அவர் பொத்தானை அழுத்தினார். அன்பரசி போனாள், வரலட்சுமி வந்தாள். காப்பீட்டுக் கம்பெனிக்குத் திருத்தம் பறந்தது.

ஆனால் தாளில் 'தந்தை பெயரும்' என்று எழுதியாகிவிட்டது. படிவத்தில் அப்படி இல்லை. படிவத்தில் ஒரு சாய்கோடும் இரண்டு பக்கமும் இரண்டு ஆளும் இருந்தார்கள்.

சிநேகா தன் மேசைக்கு வந்தாள். கோப்பைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். மேசை இழுப்பறையிலிருந்து ஸ்கேலை எடுத்து வைத்து, 'கணவர்' என்ற சொல்லின்மேல் ஒரு கோடு போட்டாள். பிறகு அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டாள்.

தேவையில்லாததைத்தான் அடித்தாள். அவளுக்கு அது தேவையில்லை.

ஆஸ்பத்திரிக்கு அவள் திரும்பி வந்தபோது மணி இரண்டு ஐம்பது. பட்டாபி புது அட்டையைக் கணினியில் பார்த்து, எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, "ராஜேந்திரனோட சம்சாரம் வரலட்சுமி" என்று வாசித்தார். பக்கத்துக் கட்டில் நோயாளி கைதட்டினார். வரலட்சுமி எழுந்திருக்கவில்லை. இன்னும் செருப்போடுதான் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் கண்ணில் ஏறத் தொடங்கியிருந்தது. காலையில் அது இல்லை. டாக்டர் இரண்டு தடவை வந்து கடிகாரத்தைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

"யார்டி அவ?"

சிநேகா கட்டிலில் உட்கார்ந்தாள். "ம்மா, ஜெராக்ஸ் கடைல முன்னாடி ஆளு பேப்பர எடுக்காம வுட்டா, நம்ம காப்பில அதுவும் சேந்து வரும் இல்ல? அந்த மாரிதான். சலவைல ஒரு அன்பரசி கீறாங்க. அவங்க அப்பா பேரும் ராஜேந்திரன். நான் காப்பி பண்ணதுல நைனா பக்கத்துல வந்து வுழுந்துடுச்சி. தப்பு என்னுது."

கைபேசியை நீட்டினாள். வரலட்சுமி படத்தை விரலால் பெரிதாக்கினாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான். ஆனால் அன்றைக்கு பட்டாபியே தோற்றுப்போகும் அளவுக்குப் படித்தாள். நீல மையில் பெயர். பக்கத்தில் 'கணவர்' மேல், கறுப்பு மையில் ஒரு கோடு.

ராஜேந்திரன் ஜன்னலை விட்டு இரண்டு அடி முன்னால் வந்திருந்தான். அவனும் அந்தப் படத்தைப் பார்க்க முயன்றதை நான் பார்த்தேன்.

வரலட்சுமி நிமிர்ந்து மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மறுபடி படத்தை.

"கோடு நல்லா நேரா கீது" என்றாள். "ஸ்கேல் வெச்சிப் போட்டாளா அவ?"

சிநேகா தலையை ஆட்டினாள். அது ஆமாவா இல்லையா என்று சொல்ல முடியாத ஆட்டல். அப்பா வழி.

"சரி. உன் காப்பி பட்டனு பேர மாத்தும், ஒத்துக்கறேன். டப்பா கழுவுமாடி அது?"

கேட்டுவிட்டு வரலட்சுமி குனிந்து ஒரு செருப்பைக் கழற்றினாள், பிறகு இன்னொன்றை. தலையணை மேலிருந்த பச்சை அங்கியை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். வரும்போது காதும் கழுத்தும் காலியாக இருந்தன. தாலிக் கயிற்றை மகள் கையில் கொடுத்தாள், புருஷன் கையில் கொடுக்கவில்லை.

தள்ளுகட்டிலில் படுத்த பிறகுதான் ராஜேந்திரனைக் கிட்டே வரச்சொல்லிக் கையசைத்தாள். அன்று விடியற்காலையில், ஆபரேஷனுக்குக் கிளம்புகிற அவசரத்திலும், அவனுக்கு எலுமிச்சை சோறு கட்டி வைத்திருந்தாள். டப்பா அவன் கையிலேயே இருந்தது. காலையிலிருந்து திறக்கவில்லை.

"தின்னுட்டு அப்படியே எட்தா" என்றாள். "கழுவாத."

ராஜேந்திரன் வாயைத் திறந்தான். அந்த ஒரு நிமிடம் அவன் எல்லாவற்றையும் சொல்லிவிடுவான் என்றே நினைத்தேன். பட்டாபிகூட கவுன்டரிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"பத்ரமா போய்ட்டு வா, வரலட்சுமி" என்றான். அவ்வளவுதான். கதவு மூடிக்கொண்டது.

சிநேகா மருந்துச் சீட்டோடு கீழே ஓடினாள். கைப்பையும் கைபேசியும் என்னிடம் இருந்தன. "பெரிப்பா, போன் வந்தா எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ராஜேந்திரன் பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவின் மூடியைத் திறக்காமல் கட்டைவிரலால் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தான்.

மூன்று இருபதுக்கு ஹேமந்த்திடமிருந்து மெசேஜ் வந்தது: காப்பி செய்தால் திட்டத்தின் விதிகள் மட்டும்தான் போகும்; ஆள் பெயர் ஒன்றுகூடப் போகாது, அது யாராவது உட்கார்ந்து கையால் அடித்தால்தான் வரும்.